தூக்கக் கூடாது என்று எழுதிய ஜெபராணி

பழனிசெட்டிபட்டியில் மெயின் ரோட்டை ஒட்டி அந்த வணிக வளாகம் எழும்பிக்கொண்டிருந்தபோது, வாசலில் 'பாதுகாப்பே முதல்' என்று ஆளுயரப் பலகை ஒன்று நின்றது. பலகையைத் தாங்கிய சவுக்குக் கம்புகளில் ஒன்று உளுத்துப்போய், எந்த நேரமும் யார் தலையிலாவது விழலாம் என்ற நிலையில் இருந்தது. காண்ட்ராக்டர் தங்கப்பாண்டிக்கு அது கண்ணில் படவில்லை. அவர் என்ஜினியர். காரின் பின்கண்ணாடியில் பெயருக்குப் பக்கத்தில் பி.இ. என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார். பாதுகாப்பு என்றால் அவருக்கு அந்தப் பலகை. அப்புறம், ஆபீஸ் ஷெட்டில் சாக்கில் கட்டிவைத்திருந்த நாற்பது மஞ்சள் ஹெல்மெட். அதிகாரிகள் வருகிற அன்று சாக்கை அவிழ்ப்பார்கள். கார் கிளம்பியதும் கட்டிவிடுவார்கள்.

பாதுகாப்பு மேற்பார்வைக்கு ஒரு ஆள் இருந்தாக வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனி சொன்னதால்தான் ஜெபராணியை வேலைக்கு எடுத்தார்கள். பெரியகுளத்துக்காரர். நாற்பத்தொரு வயது. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைக் கட்டுமானங்களில் பதினொரு வருடம் பாதுகாப்பு வேலை பார்த்தவர். அம்மா பக்கவாதத்தில் விழுந்ததும் ஊருக்கு வந்துவிட்டார்.

"நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம் மேடம். ஷெட்ல ஃபேன் இருக்கு. ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார் தங்கப்பாண்டி, முதல் நாள்.

"எதப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடணும்?"

"பாத்துட்டா?" என்று திருப்பிக் கேட்டார் அவர். கேள்வி அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

ஜெபராணி அன்றைக்கே சாக்கை அவிழ்த்தார். கான்கிரீட் ஏற்றும் லிஃப்டின் கம்பிவடம் பிரிந்து தொங்குவதைக் காட்டி, மாற்றும்வரை லிஃப்டை ஓட்டக் கூடாது என்று எழுதிவைத்தார். அரை நாள் வேலை நின்றது. அன்றிலிருந்து சைட்டில் அவருக்கு 'ஹெல்மெட் அக்கா' என்று பெயர். அவரைக் கண்டதும் சென்ட்ரிங் ஆட்கள் ஹெல்மெட்டைக் கவிழ்த்து அதில் தாளம் போடுவார்கள். அதற்குத் தங்கப்பாண்டியும் சிரிப்பார்.

ஜெபராணி இனிமையாகப் பேசுகிற ஆள் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அளக்காமல் பேசுகிறவர்களை அவரால் சகிக்க முடியாது. கட்டட வேலையில் பாதிப் பேருக்குக் கண்ணாலேயே அளந்துவிடலாம் என்று நினைப்பு. டேப்பை வைக்கிற வரைக்கும் அவர்கள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஜெபராணி டேப்பை வைப்பார். வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அந்த ஆளின் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே பலர் அவரை வெறுத்தார்கள்.

கட்டடம் முடிகிற தறுவாயில் ஜெனரேட்டர் வந்து இறங்கியது. மூன்றேகால் டன். அதை இரண்டாம் மாடி மொட்டைத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று தங்கப்பாண்டி முடிவு செய்திருந்தார். தரையில் வைத்தால் நான்கு கார் நிறுத்துகிற இடம் போய்விடுமாம். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. கட்டடத்தின் சொந்தக்காரரான ஜவுளிக்கடை முதலாளி ஜோசியரிடம் முகூர்த்தம் குறித்து வாங்கி, பத்திரிகையும் அடித்துவிட்டார். தூக்குவதற்கு உத்தமபாளையம் அப்துல் அஜீஸ் பாயின் ஹைட்ரா கிரேனுக்குச் சொல்லியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையிலேயே வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் தௌபீக், முப்பது வயது, அதிகம் பேசாதவர்.

ஜெபராணி தௌபீக்கைக் கூட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். கேபினில் ஒட்டியிருந்த அட்டவணையைப் படித்தார். டேப்பை எடுத்துச் சுவரிலிருந்து வண்டி நிற்கிற இடம்வரை அளந்தார். பிறகு ஷெட்டுக்குப் போனார்.

"சார், இந்த வண்டியில தூக்கக் கூடாது."

தங்கப்பாண்டி செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பதினாலு டன் வண்டி மேடம். மூணு டன்னத் தூக்காதா?"

"பதினாலு டன்ங்கிறது பக்கத்துல வச்சுத் தூக்குனா. இங்கன வண்டி ஏழு மீட்டர் தள்ளித்தான் நிக்க முடியும். பூமை, அந்தத் தூக்குற இரும்புக் கைய, நீட்ட நீட்ட தெம்பு கொறையும். ஏழு மீட்டருக்கு ரெண்டு டன்னுதான்னு வண்டியிலயே எழுதியிருக்கு."

"அதெல்லாம் கம்பெனிக்காரன் பயந்துகிட்டுக் கொறச்சு எழுதுறது."

"அதோட, முன் டயரு நிக்கிற எடத்துலதான் செப்டிக் டேங்க் குழி இருந்துச்சு. பத்து நாளைக்கு முன்னாடி இடிச்ச கல்லையும் மண்ணையும் போட்டு மூடுனீங்க. ரோலர்கூட விடல. மதுரையில இருந்து கால் ஊன்றி நிக்கிற பெரிய கிரேனக் கொண்டாங்க. இல்லைன்னா தரையிலயே வையுங்க."

"பெரிய கிரேன் வர ஞாயித்துக்கிழம ஆயிரும். முகூர்த்தத்த நீங்க மாத்திக் குடுப்பீங்களா?" என்றார் தங்கப்பாண்டி. சுற்றி நின்ற இரண்டு மேஸ்திரிகளும் சிரித்தார்கள்.

ஜெபராணி ரெஜிஸ்டரை எடுத்து, எடை, தூரம், மண் மூன்றையும் எழுதி, 'இந்த வண்டியில் தூக்கக் கூடாது' என்று முடித்து, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டார். பக்கத்தைப் படம் எடுத்து ஜவுளிக்கடை முதலாளிக்கு அனுப்பினார். முதலாளி அதற்குக் கும்பிடு போடுகிற பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.

கட்டடத்தின் மேற்குப் பக்கம், ஜெனரேட்டர் ஏறப்போகும் சுவருக்கு நேர் கீழே, மதியம் நல்ல நிழல் விழும். கலவை சுமக்கிற பெண்கள் ஒன்பது பேர் தினமும் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஜெபராணி அந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, கிழக்குப் பக்கம் தார்ப்பாய் ஒன்றை இழுத்துக் கட்டி, எல்லோரையும் அங்கே போகச் சொன்னார். மயிலாடும்பாறையிலிருந்து வருகிற மூக்கம்மாளுக்கு அது பிடிக்கவில்லை.

"ஏந்தாயி, நெழலு இங்கன கெடக்கு. அங்கன போயி வேகச் சொல்றீகளே."

"ரெண்டு நாளைக்குத்தான். இந்த நாடாவத் தாண்டி யாரும் வரக் கூடாது. வந்தா நான் கத்துவேன்."

"அதுதான் தெனமும் கத்துறீகளே" என்று சொல்லிக்கொண்டே மூக்கம்மாள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை காலை தங்கப்பாண்டி திடீரென்று மரியாதைக்காரர் ஆனார். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு படிவம் கொடுக்க வேண்டியிருக்கிறது, மேடம் போனால்தான் சரியாக இருக்கும் என்றார். தன் காரையே தருவதாகவும் சொன்னார். தன்னை அனுப்பிவிட்டுத் தூக்கப்போகிறார்கள் என்று ஜெபராணிக்குப் புரிந்தது. நேரே தௌபீக்கிடம் போனார்.

"வண்டிச் சாவிய எங்கிட்டக் குடு தம்பி."

தௌபீக் சாவியைக் கழற்றி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். "பாய்க்குத் தெரிஞ்சா வேலை போயிரும்க்கா."

"நான் பிடுங்கிட்டுப் போயிட்டேன்னு சொல்லிக்க."

அவர் கொடுத்துவிட்டார். ஜெபராணி சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறினார்.

சாவி இல்லை என்றதும் தங்கப்பாண்டி அப்துல் அஜீஸ் பாய்க்குப் போன் போட்டார். பொம்பளை ஒருத்தி சாவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், பெரிய அதிகாரி என்று நினைப்பு என்றார். பாய் தூக்கும் இடத்தைப் பார்த்ததில்லை. எவ்வளவு எடை, எவ்வளவு தூரம் என்றும் கேட்கவில்லை. மாற்றுச் சாவியைப் பைக்கில் ஆள் அனுப்பிக் கொடுத்துவிட்டு, "தூக்கிக் குடுத்துட்டு வா" என்று தௌபீக்கிடம் போனில் சொன்னார். தௌபீக் ஏறி உட்கார்ந்தார்.

ஜெனரேட்டர் முதல் மாடிவரை ஒழுங்காகத்தான் போனது. தங்கப்பாண்டி தூரத்தில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டுவதற்காகத் தௌபீக் பூமை இன்னும் கொஞ்சம் நீட்டினார். இடது முன் டயருக்குக் கீழே மண் உள்ளே இறங்கியது. வண்டியின் பின்பக்கம் தரையை விட்டு எழும்பி, வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. பூம் கைப்பிடிச் சுவரில் மோதி அதை உடைத்துக்கொண்டு இறங்கியது. ஜெனரேட்டர் மஞ்சள் நாடாவுக்கு உள்ளே, நிழலில், விழுந்தது.

அப்போது மணி பன்னிரண்டே முக்கால். பெண்கள் தார்ப்பாய்க்குக் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூக்கம்மாள்தான் ஜெபராணிக்குப் போன் செய்தார்.

"தாயி, வண்டி சாஞ்சுபோச்சு. அந்தத் தம்பி காலு உள்ள மாட்டிக்கிருச்சு. நாங்க ஒம்பது பேரும் இருக்கோம்."

தௌபீக்கை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஜெபராணி ஆஸ்பத்திரிக்குப் போனபோது தௌபீக்கின் மனைவி மிஸ்பா வார்டுக்கு வெளியே சுவரைப் பார்த்து நின்றிருந்தார். ஜெபராணி பக்கத்தில் போய் நின்றார். சாவியைப் பிடுங்கியதோடு விட்டுவிட்டோமே, பஸ் ஏறாமல் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கலாமே என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. பின்னாளில் இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறார். மிஸ்பாவிடம் அன்றைக்கே சொன்னார்.

தங்கப்பாண்டியும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்டுக்குள் போகவில்லை. ஜெபராணியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், நடந்தது நடந்துபோச்சு. இன்சூரன்ஸுக்கு ஒரு அனுமதிச் சீட்டு வேணும். இடம் பாத்தாச்சு, தூக்கலாம்னு எழுதி, நேத்துத் தேதி போட்டு ஒரு கையெழுத்து."

"நேத்துத் தேதியில நான் வேற எழுதியிருக்கேனே."

"அந்தப் பக்கத்தக் கிழிச்சிரலாம்."

"கிழிங்க. படம் உங்க முதலாளி போன்ல இருக்கு."

தங்கப்பாண்டியின் குரல் மாறியது. "அப்ப டிரைவர் குடிச்சிருந்தான்னுதான் எழுதணும். வேற வழியில்ல."

தௌபீக் வெற்றிலைகூடப் போடாதவர். சைட்டில் எல்லோருக்கும் அது தெரியும். ஜெபராணி அந்தப் பி.இ.யைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டேப் வைத்த பிறகு பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"அவன் காலு எப்படியிருக்குன்னு நீங்க இன்னும் கேக்கல சார்" என்று சொல்லிவிட்டு, நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தார். அடுத்த நாள் மூக்கம்மாளும் வந்து, கையெழுத்துப் போடத் தெரியாததால் பெருவிரல் ரேகை வைத்தார். மேஸ்திரிகள் இருவருக்கும் அன்று பார்த்து ஊரில் முக்கியமான வேலை இருந்தது.

விசாரணை நடந்தது. சைட்டை மூன்று வாரம் மூடினார்கள். ஜோசியர் குறித்துக் கொடுத்த வெள்ளிக்கிழமை தன்பாட்டுக்கு வந்து போனது. குடித்திருந்தான் என்ற கதை டாக்டர் சான்றிதழுக்கு முன்னால் நிற்கவில்லை. தௌபீக்கின் வைத்தியச் செலவைத் தங்கப்பாண்டி ஏற்க வேண்டியதாயிற்று. அவர் கண்டுபிடித்த காரணம் கண் திருஷ்டி. பூசணிக்காய் உடைத்தார். மொட்டைத் தளத்துச் சுவரில் பெரிய திருஷ்டி பொம்மை ஒன்றைத் தொங்கவிட்டார். அதைக் கட்ட ஏறியவனுக்கு இடுப்பில் பெல்ட் கிடையாது. விழுந்ததற்குப் பதிலாக வந்த புதிய ஜெனரேட்டர் தரையில், கட்டடத்துக்குப் பின்னால் வைக்கப்பட்டது. அங்கே கார் நிறுத்த அதற்குப் பிறகும் இடம் இருந்தது.

தாமதமாக நடந்த திறப்பு விழாவில் தங்கப்பாண்டிக்குச் சால்வை போட்டார்கள். ஒரு உயிர்ச்சேதம்கூட இல்லாமல் கட்டி முடித்ததாக மைக்கில் பேசினார். கைதட்டினார்கள். கலவை சுமந்த பெண்கள் யாருக்கும் பத்திரிகை போகவில்லை. ஜெபராணியை அதற்கு முன்பே வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. தேனியில் நான்கு காண்ட்ராக்டர்களிடம் வேலை கேட்டார். நால்வரும் நல்ல நாற்காலி போட்டு உட்காரவைத்து, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

இரண்டு மாதம் கழித்து அப்துல் அஜீஸ் பாய் பெரியகுளத்துக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"தங்கச்சி, சாவி அனுப்புனது நான்தான்."

"தெரியும்."

"தௌபீக் ஒங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கான். இன்னமும் கோலு ஊன்றித்தான் நடக்குறான். நான் ஒரு கேள்வி கேட்டிருந்தா இது நடந்திருக்காது."

"ரெண்டு கேள்வி பாய். எடை எவ்வளவு, தூரம் எவ்வளவு."

பாய் தலையை ஆட்டினார். தன்னிடம் இன்னும் மூன்று வண்டி இருப்பதாகவும், எந்த வண்டி எங்கே போவதற்கு முன்பும் ஜெபராணி போய் இடம் பார்த்து வர வேண்டும் என்றும் சொன்னார். அவர் சரி என்றால்தான் வண்டி கிளம்பும்.

"நான் வேணாம்னு சொன்னா?"

"வண்டி ஷெட்ல நிக்கும்."

"மாத்துச் சாவி எல்லாத்தையும் எங்கிட்டக் குடுத்துருங்க" என்றார் ஜெபராணி. பாய் ஒத்துக்கொண்டார். உள்ளே கட்டிலிலிருந்து அம்மா, வந்தவருக்குக் காபி கொடுத்தாயா என்று கேட்டார். அப்புறம்தான் ஜெபராணிக்கு ஞாபகம் வந்தது.

இப்போது வாரத்தில் நான்கு நாள் சின்னமனூர், கம்பம் என்று பஸ்ஸில் போய்வருகிறார். தௌபீக்குக் கால் தேறி, போன மாதம் முதல் மறுபடியும் வண்டி எடுக்கிறார். கம்பத்தில் ஏலக்காய் குடோன் கட்டுகிற ஒருவர், இரும்பு உத்திரங்களைத் தூக்குவதற்கு முன் மேலே போகிற கம்பியில் கரண்டை நிறுத்தச் சொன்னதற்காக, "பொம்பளையாளு சொல்லி நான் கேக்கணுமா" என்று ஜெபராணியிடம் எகிறினார். மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்து, கம்பியில் கரண்ட் இல்லை என்று ஆள் வந்து சொன்ன பிறகு கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, ஜெபராணி தௌபீக்கைப் பார்த்து வண்டியைத் திருப்பச் சொன்னார். அவர் திருப்பினார். குடோன்காரர் மூன்றாம் நாள் கூப்பிட்டார்.