கன்னியம்மா துறைக்குப் போன வழி

கன்னியம்மாவின் இடது கை இறால் உரித்துக்கொண்டிருந்தது. உரிக்கும்வரை இறாலை முறத்தில் அழுத்திப் பிடிப்பது மட்டும்தான் வலது கைக்கு வேலை. அதையும் அது ஒழுங்காகச் செய்யவில்லை. நழுவி மண்ணில் விழுந்ததைக் கழுவிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். ஐப்பசியில் ரத்தக்கொதிப்பு ஏறி வலது பக்கம் முழுக்க விழுந்துபோனவள், கார்த்திகையில் பாயில் உட்கார்ந்து இறால் உரிக்கிறாள் என்று தெருவே மெச்சியது. அவளுக்கு அது போதவில்லை.

"நடக்க வுடு மகிமா. மாசில எடம் பூட்ச்சின்னா பூட்ச்சிதான்."

கத்திவாக்கத்து ஆற்றுத்துறையில் ஏலம் எடுக்கும் பெண்கள் வரிசையாக உட்காருவார்கள். படகு வந்து முட்டும் முதல் இடம் கன்னியம்மாவுடையது. எர்ணாவூர்க் குப்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த வருஷமே மாமியாரிடமிருந்து அதை வாங்கிக்கொண்டாள். அங்கே எடுத்த இறாலைத் தலையில் சுமந்து விம்கோ நகர் வரை கூவி விற்றுத்தான் மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினாள். துறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மாசி அமாவாசைக்கு மறுநாள் காலை ஏலத்தில் யார் எங்கே உட்காருகிறார்களோ, வருஷம் முழுக்க அது அவர்கள் இடம். வண்டியில் வரக்கூடாது, யாரும் தூக்கி வரக்கூடாது, கூடையோடு தானாக வரவேண்டும். இப்போதைக்கு அந்த இடத்தில் பக்கத்து வீட்டு ஷாலு உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண்தான். ஆனால் நல்ல பெண்ணுக்கும் முதல் இடம் கசக்காது.

மகிமா அடுத்த தெரு மளிகைக்கடை ஜெபசிங்கின் மனைவி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் படித்து, வீடு வீடாகப் போய் அந்த வேலை செய்தாள். அவள் முதலில் நடக்க விடவில்லை. தரையில் உட்காரவைத்து, நல்ல கையை ஊன்றி, இடுப்பை நகர்த்தி நகர்த்திச் சுவரோரம் போய் எழுந்திருக்கச் சொன்னாள். திரும்ப உட்காரச் சொன்னாள். திரும்ப எழுந்திருக்கச் சொன்னாள்.

"நான் நடக்கணும்ன்றேன், இவ இன்னாடான்னா என்னைத் தரை தொடைக்க வுட்றா!"

"நடக்கப்போறவ ஒருநாள் விழுவா அக்கா. எந்திரிக்கத் தெரியாம விழுந்தா மறுபடி பாய்தான். பேசாம நகருங்க."

மார்கழி பிறந்ததும் வாசல் தாண்டினார்கள். முதல் நாள் தெருக்குழாய் வரைக்கும். அதற்கே நாலு பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"இன்னா யக்கா, வெறுங்கையோட வர்றே? யாருன்னா பூட்டாங்களா?"

அந்த ஊரில் கையில் ஒன்றும் இல்லாமல் யாரும் நடப்பதில்லை. வலை, கூடை, குடம், எதுவும் இல்லையென்றால் துக்க வீட்டுக்குப் போகிறார்கள் என்று அர்த்தம். மறுநாள் கன்னியம்மா வெறும் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். இப்போது வேறு தொல்லை. கூடையைப் பார்த்ததும் ஆட்கள் சட்டியோடு துரத்தினார்கள். "எறாவா, நண்டா? நில்லு யக்கா!" நின்று பதில் சொல்வதற்குள் மூச்சு வாங்கியது. ஆனாலும் அவள் முகம் மலர்ந்திருந்ததை மகிமா கவனித்தாள். கூடையை வேண்டாம் என்று சொல்லவில்லை.

குழாய்க்கு அப்புறம் வலை காயப்போடும் திடல். மண் இறுகிக் கிடக்கும், தடுமாறினால் பிடித்துக்கொள்ளக் கவிழ்த்த படகுகள் உண்டு. அப்புறம் கருவேல மரங்களின் நிழலோடு போகும் ஆற்றங்கரை மேடு. பாதி வழியில் உட்கார ஒரு பழைய சிமெண்டுக் குழாய். ஒவ்வொரு நாளும் ஒரு புது எல்லை. திரும்பி வந்ததும் கன்னியம்மா புருஷனிடம் கத்துவாள்.

"யோவ், இன்னிக்கு ஒடஞ்ச படகு வரிக்கும் போனேன்யா!"

"நாளிக்கு அக்கரைல புதுத் தொறைமுகத்துக்கே பூடுவே போல கீது," என்பார் பக்தவச்சலம், வலை பிரித்தபடி. மறுநாள் எங்கே போனாள் என்று அவரே முதலில் கேட்பார்.

கடைசிப் பாதைதான் துறைக்குப் போவது. ரோட்டு வழியில் கன்டெய்னர் லாரிகள், நினைத்தே பார்க்க முடியாது. கடலோடு சேர்ந்து தினமும் ஏறி இறங்கும் ஆற்றில் நீர் வற்றியதும் ஓரத்தில் ஒரு மணல்திட்டு தெரியும். சமமான ஈரமணல், குழந்தைகூட நடக்கும். தை முழுக்க அதில் நடந்தார்கள். எந்த நேரம் என்று மகிமா கேட்டால், "தண்ணி வத்தட்டும், சொல்லியனுப்புறேன்" என்பாள் கன்னியம்மா. மத்தியானம் வற்றினால் மத்தியானம், சாயங்காலம் என்றால் சாயங்காலம். தை முடிவதற்குள் துறையின் கொட்டகை வரை போய்த் தொட்டுவிட்டுத் திரும்பினாள். கால் இன்னும் இழுத்தது. மணலில் அவள் வலது பாதம் போட்ட கோட்டைப் பார்த்து அவளே சிரித்தாள்.

அமாவாசையன்று சாயங்காலம் கூடையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்தவச்சலம் வந்து நின்றார்.

"ஏம்மே, நாளிக்கு எப்டிப் போவே?"

"மணலு மேலதான்."

"காத்தால இன்னா மணலு? அமாவாசைப் பெருக்கு. விடியச்சொல்ல இடுப்பளவு தண்ணி நிக்கும்."

கன்னியம்மாவின் கை நின்றது. பிறந்ததிலிருந்து ஆற்றோடு கிடந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் கால் நன்றாக இருந்தவரை, தண்ணீர் ஏறினால் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்துபோனவள் அவள். அது ஒரு தடை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. வற்றும் நேரம் பார்த்து நடந்து பழகியவள், ஏலம் விடியலில் என்பதை அதோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை.

மகிமாவை வரச்சொல்லி, துறைக்கு மிச்சமிருந்த ஒரே வழியான மேட்டுப் பாதையின் கோடிக்கு இருவரும் போனார்கள். அங்கே மேட்டை அறுத்துக்கொண்டு ஒரு வாய்க்கால் ஓடுகிறது. குறுக்கே இரண்டு பனைமரத் துண்டுகள், பிடிக்க எதுவும் இல்லை. நல்ல கால் உள்ளவருக்கு நாலு எட்டு. கன்னியம்மா வலது காலை வைத்தாள். விரல் மரத்தில் மாட்டி உடம்பு சாய்ந்தது. மகிமா அவள் புடவையின் பின்கொசுவத்தைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க."

"எங்க?"

"பனை மேலதான். கார்த்திகைல வீட்ல எப்படி நகந்தீங்களோ அப்படியே. கூடைய முன்னால தள்ளிக்கிடுங்க."

"கொயந்த கணக்கா தேச்சிகினு போவச் சொல்றியா? ஊரே பாக்கும்டி! ஷாலு மாமியார் வருசம் முச்சூடும் சொல்லிக் காட்டுவா."

"எடம் வேணும்னா உக்காருங்க. மானம் போதும்னா வீட்ல இரிங்க. எர்ணாவூர்ல ஒரு கெழவரக் குளிப்பாட்டணும், நான் போறேன்."

போயே விட்டாள். கன்னியம்மா பனந்துண்டுகளை முறைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் விடியலில் ஆறு நிறைந்து கிடந்தது. கொட்டகையில் பெண்கள் கூடிவிட்டார்கள். முதல் படகு திரும்பும்போது யாரோ கத்தினார்கள்: "அங்க பாரு, கன்னிம்மா!"

பனந்துண்டுகளின் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். புடவையை வரிந்து கட்டி, கூடையை ஒரு தள்ளு, இடது கையை ஊன்றி உடம்பை ஒரு நகர்த்து. திரும்பக் கூடை, திரும்ப உடம்பு. துறையே சத்தம் போட்டது. சிலர் சிரித்தார்கள், சிலர் விசிலடித்தார்கள். வாய்க்காலின் அந்தப் பக்கம் வந்ததும் முட்டி போட்டு, மண்ணில் கையூன்றி எழுந்தாள். கூடையை இடுப்பில் இடுக்கிக் காலை இழுத்தபடி கொட்டகைக்குள் வந்தாள்.

"இது இன்னா நடை? தேச்சிகினு வந்தது செல்லாது," என்றாள் ஷாலுவின் மாமியார்.

"வண்டில வந்தனா? எவனாச்சும் தூக்கியாந்தானா? என் ஒடம்பு, என் பனமரம், நான் வந்தேன். உனுக்கு இன்னா பேஜாரு?"

ஷாலு சிரித்துக்கொண்டே எழுந்து அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள். கன்னியம்மா கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். கூட்டத்தின் ஓரத்தில் மகிமா நின்று, பனைச் சிலாம்பு ஏதும் குத்தியிருக்கிறதா என்று அவள் இடது உள்ளங்கையைத் தூரத்திலிருந்தே பார்க்க முயன்றுகொண்டிருந்தாள்.

படகு முட்டியது. முதல் குவியலைக் கொட்டி ஏலக்காரர் கூவினார். கன்னியம்மா வலது கையைத் தூக்கினாள். அது தோள் வரைக்கும்தான் வந்தது. ஏலக்காரர் பார்த்துவிட்டார்.