வாசலில் நின்று எழுதிய நாலு எண்கள்

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு ஜூன் மாதப் புதன்கிழமை காலையில் உவரியை விட்டுத் திசையன்விளைச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். மீன்பெட்டிக்கு ஐஸ் உடைத்துப் போடும் வேலையில் நாலு மாதம் இருந்தேன். இரண்டு விரல் மரத்துப்போயிருந்தது. ஆனால் அதற்காகக் கிளம்பவில்லை. ஓர் இடத்தில் எல்லா நாளும் ஒரே மாதிரி விடியத் தொடங்கினால் எனக்குக் கால் நிற்காது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டதும் இப்படித்தான். நாற்பது வயதைத் தாண்டியும் அந்தக் குணம் போகவில்லை.

பின்னால் வந்த ஒரு குட்டியானை வண்டி என்னைத் தாண்டிப் போய் நின்றது. மேலே இரண்டு ஏணி, உள்ளே சுருள் சுருளாக நீல வயர். முன்சீட்டில் இருந்த அண்ணாச்சி தலையை நீட்டினார்.

"ஏணி ஏறத் தெரியுமா வே?"

"தென்னையே ஏறுவேன் அண்ணாச்சி."

"அப்பம் ஏறும். எங்க ஆளு ஒருத்தன் காலைச் சுளுக்கிட்டுப் படுத்திருக்கான்."

வண்டி போய் நின்றது பாளையங்கோட்டையில் ஒரு பழைய கல்லூரியில். மிஷன் காலத்துக் கட்டடங்களும் புதுக் கட்டடங்களும் கலந்து கிடந்தன. திங்கட்கிழமை புது செமஸ்டர் தொடங்குகிறது. அதற்குள் பழைய வைஃபை பெட்டிகளைக் கழற்றிப் புதுப் பெட்டிகளை மாட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள், அந்த வளாகத்தில் ஓர் ஆணி கூட அடிக்க விடமாட்டார்கள். ஆக, எங்களுக்குச் சனிக்கிழமை மாலை வரைதான் நேரம்.

வேலையை நடத்தியவர் கல்லூரியின் கம்ப்யூட்டர் பிரிவு மேடம். என்னைவிடப் பத்து வயது இளையவர். இந்த வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்று முதல்வர் சொன்னபோது, நாங்களே முடித்துக் காட்டுகிறோம் என்று இவர்தான் வற்புறுத்தி வாங்கினாராம். வயர் இழுக்கவும் பெட்டி மாட்டவும் மட்டும் அண்ணாச்சியைக் கூலிக்குப் பிடித்திருந்தார். திங்கட்கிழமை காலை வருட ஆரம்ப ஜெபம் பழைய கூடத்தில் நடக்கும். அது முடிந்ததும், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து போனில் பாடங்களைப் பதிவு செய்ய வேண்டும். அந்த இடத்தில் சொதப்பினால் அடுத்த தடவை யாரும் இவர் பேச்சைக் கேட்கமாட்டார்கள். இதை அண்ணாச்சிதான் என்னிடம் சொன்னார்.

முதல் நாள் ஏணி பிடித்தேன். என் வாய் சும்மா இருக்கவில்லை. "மேடம், இந்த சிக்னல் சுவத்துக்குள்ள எப்படிப் போகுது?" என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். "போகும் அண்ணே. ஆனா களைச்சுப் போகும்."

மறுநாள் அவருடைய பழைய போன் ஒன்றையும் கட்டம் போட்ட தாள்களையும் என்னிடம் கொடுத்தார். ஒவ்வோர் அறைக்குள்ளும் போய், போனில் தெரியும் எண்ணைக் கட்டத்தில் எழுத வேண்டும். சிக்னல் நன்றாக இருந்தால் ஐம்பது. எண்பது என்றால் மோசம். எண் கூடக் கூடக் கெடுதல் என்கிற கணக்கை அன்றுதான் பார்த்தேன்.

"போனைக் கையில வச்சிக்கிட்டு நடக்கதுக்குப் பேரு வேலையா வே? நானும் ஏணியை உம்மகிட்ட தந்துட்டு இப்படியே நடக்கலாம் போல இருக்கு" என்றார் அண்ணாச்சி.

நடப்பது எனக்குத் தெரிந்த வேலை. ஆனால் இப்படி நடந்ததில்லை. நூலகத்தில் அலமாரிகளுக்கு நடுவே போனால் எண் ஏறிக்கொண்டே போனது. புத்தகம் எல்லாம் சிக்னலைக் குடித்துவிடுகிறது என்றார் மேடம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செத்தே போனது. வேதியியல் ஆய்வகத்தில் இரும்பு பீரோவுக்கு இந்தப் பக்கம் ஐம்பத்தைந்து, அந்தப் பக்கம் எண்பது. நான் பீரோவைச் சுற்றி நாலு தடவை நடந்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கும் நிழல் விழுகிறது! எத்தனையோ ஊர் நடந்திருக்கிறேன், அன்று பார்த்த அளவுக்கு எந்த ஊரையும் உற்றுப் பார்த்ததில்லை.

வியாழன் சாயங்காலம் பழைய கூடத்துக்கு வந்தேன். உள்ளே பாடகர் குழு திங்கட்கிழமைக்கான பாட்டைப் பழகிக்கொண்டிருந்தது. முப்பது பேர் இருப்பார்கள். நான் செருப்பைக் கழற்றி, ஒரு காலை வாசல்படியில் வைத்தேன். காலெல்லாம் சுண்ணாம்புத் தூள், சட்டையில் சிமெண்ட். இப்படியே நடுவில் புகுந்து நாலு மூலைக்கும் நடந்தால் பாட்டு நின்றுவிடும் என்று தோன்றியது. வாசலில் நின்றபடியே போனைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. நல்ல எண்தான். வராந்தாவில் என் தலைக்கு மேலேயே பெட்டி இருந்தது.

தாளில் கூடத்துக்கு நாலு கட்டம், மூலைக்கு ஒன்று. முதல் கட்டத்தில் ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். மற்ற மூன்றிலும் அதையே எழுதினால் பார்க்க நன்றாக இருக்காது. அறுபது, அறுபத்தொன்று, ஐம்பத்தொன்பது என்று மாற்றி மாற்றிப் போட்டேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அந்தத் தாளை நம்பி மேடம், கூடத்துக்கென்று வைத்திருந்த இரண்டு பெட்டிகளையும் பெண்கள் விடுதிக்கு மாற்றிவிட்டார்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பரிசோதனை. பாடகர் குழு மறுபடியும் கூடத்தில் இருந்தது. எல்லோரும் போனை எடுத்துப் பதிவுப் பக்கத்தைத் திறக்கும்படி மேடம் கேட்டார். வாசல் பக்கம் இருந்த நாலைந்து பேருக்குத் திறந்தது. மற்ற எல்லோருடைய போனிலும் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"கறி வெந்தாலும் இது வேகாது போலிருக்கே" என்றார் பாட்டு வாத்தியார்.

மேடம் வராந்தாப் பெட்டியை மாற்றினார். வயரை மாற்றினார். மடிக்கணினியைத் தரையில் வைத்துக் குனிந்து என்னென்னவோ தட்டினார். பெட்டி செய்த கம்பெனிக்குப் போன் போட்டார். "பெட்டிதான் கோளாறு, சுவரு என்ன செய்யும்?" என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் விரித்திருந்த என் தாளை மேடம் ஒரு தடவை பார்த்தார். "இங்க அறுபதுன்னு இருக்கே" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடியும் மடிக்கணினிக்குத் திரும்பினார்.

இப்படி ஒரு மணி நேரம் போயிற்று. அந்த அறுபதை அவர் சந்தேகிக்கவே இல்லை. தன் வேலையைத்தான் சந்தேகித்தார். பேசாமல் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது, திங்கட்கிழமை நான் எந்த ஊரில் இருப்பேனோ. ஆனால் குனிந்திருந்த அவர் கழுத்தில் வேர்வை வழிவதைப் பார்க்க முடியவில்லை.

"மேடம், நான் உள்ள போகல."

நிமிர்ந்து பார்த்தார். "அப்பம் இந்த நாலு நம்பரும்?"

"முதலாவது வாசல்ல நின்னு பாத்தது. மத்தது நானா போட்டது."

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "சண்டாளப் பாவி, வாத்தியாரு பிரம்புக்குப் பயந்து கணக்குப் போடுத மாதிரியா வே போட்டீரு!"

மேடம் திட்டவில்லை. தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "வேற எங்கெல்லாம் உள்ள போகல?" என்று கேட்டார். பூட்டியிருந்த தாவரவியல் ஆய்வகம், மாடியில் ஒரு சாமான் அறை. இரண்டையும் சொன்னேன். அங்கே நான் எழுதியிருந்த எண்களைப் பேனாவால் அடித்துவிட்டார். "பாக்கலன்னா சும்மா விட்டிருக்கலாமே அண்ணே. வெறும் கட்டத்தைப் பாத்தா நானே வந்து பாத்திருப்பேனே."

அதோடு முடியவில்லை. மற்ற தாள்களையும் எடுத்து, ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துக் கேட்டார். "இது நீங்க உள்ள போய்ப் பாத்ததா? இது?" நான் மூச்சு வாங்க மாடி ஏறி, நியாயமாகப் பார்த்து எழுதிய எண்களுக்கெல்லாம் "ஆமா மேடம், ஆமா மேடம்" என்று சொல்லிக்கொண்டு நின்றேன். பட்டினி கிடந்திருக்கிறேன், பஸ் நிலையத்தில் படுத்திருக்கிறேன். அந்தக் கால் மணி நேரம் போல என்னை எதுவும் குனிய வைத்ததில்லை.

விடுதியின் இரண்டாம் மாடியில் ஒரு பெட்டி அதிகம் என்று அந்த எண்களில் தெரிந்தது. அதைக் கழற்றிக் கொண்டுவரலாம். ஆனால் கூடத்துச் சுவரில் துளை போட முதல்வரிடம் எழுதி அனுமதி வாங்க வேண்டும், அதற்கு இனி நேரமில்லை. அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர், இரண்டடி தடிமன். வயரை எப்படி உள்ளே கொண்டுபோவது?

இந்தத் தடவை காலைக் கழுவிவிட்டு உள்ளே போனேன். வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு, பாடுகிறவர்களுக்கு நடுவிலேயே நாலு மூலைக்கும் நடந்தேன். எண்பத்தொன்று. எண்பத்து மூன்று. பின்சுவரை மேலும் கீழும் பார்த்தேன். உயரத்தில், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வயர் சுவரை விட்டு வெளியே வந்திருந்தது.

"இந்த வயரு எங்கன இருந்து வருது?" என்று கேட்டேன்.

"மைக் வயரு. பின்பக்க வராந்தாவுல இருந்து ஓட்டை போட்டு எந்தக் காலத்துலயோ இழுத்தது" என்றார் வாத்தியார்.

நீல வயரும் அந்த ஓட்டையில் நுழைந்தது. விடுதிப் பெட்டியை மாட்ட ஏணியில் நான்தான் ஏறினேன். ஐந்தே முக்கால் மணிக்கு மறுபடியும் பரிசோதனை. பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா போனை உயர்த்திக் காட்டி, "வந்துட்டு! எனக்கு வந்துட்டு!" என்றார். பிறகு வரிசை வரிசையாக எல்லோருக்கும் வந்தது. மேடம் புதுத் தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். நாலு மூலைக்கும் நடந்து நாலு எண் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, தானும் ஒரு தடவை நடந்து பார்த்தார். அதுதான் சரி என்று எனக்கே பட்டது.

நாகர்கோவில் வேலைக்கு வருகிறீரா என்று அண்ணாச்சி கூப்பிட்டார். எனக்குக் கால் வேறு பக்கம் இழுத்தது. மறுநாள் காலையில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி தச்சநல்லூருக்கு நடந்தேன். அங்கே நெல் மூட்டைகளை அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கியில் ஆள் தேடினார்கள். மூட்டையைக் குத்தூசியால் குத்தி, கொஞ்சம் நெல் எடுத்து, ஈரம் இருக்கிறதா என்று பார்த்து நோட்டில் எழுதும் வேலை. "வெளி வரிசையைக் குத்தினாப் போதும் வே, உள்ளேயும் அதே நெல்லுதான்" என்றார் மேற்பார்வையாளர். அடுக்கின் மேல் ஏறி, எட்டிய மட்டும் உள் வரிசையையும் குத்தினேன். நடுவில் சில மூட்டைகள் எட்டவில்லை. நோட்டில் அந்த இடத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதினேன். அந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதன் பிறகு எத்தனையோ வேலை மாறிவிட்டேன், இந்தப் பழக்கத்தை மட்டும் எந்த ஊரிலும் விட்டுவிட்டு வரவில்லை.