வாய்க்குக் காவல்

வடிவு மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இதைச் சொல்வதில் என்ன வெட்கம்? பத்து வருஷமாக மைசூரில் ஒரே நர்சிங் ஹோமில் குப்பை கொட்டியவள் நான். அவள் நாலு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து இறங்குகிறாள், பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு வார்டு இன்சார்ஜாக உட்கார வைக்கிறார். அதுவும் எனக்கு மேலே. "மகேஸ்வரி, உனக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?" என்று அவளே கேட்டாள். வருத்தமில்லை என்று சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை.

அது 1995 செப்டம்பர். தேவராஜ மார்க்கெட்டின் பூக்கடைகளைத் தாண்டிப் பின்பக்கம் திரும்பினால் எங்கள் நர்சிங் ஹோம். முப்பது படுக்கை, பகலில் நாலு நர்ஸ், ராத்திரிக்கு இரண்டு பேர்.

வடிவு தமிழ்நாட்டு எல்லையோர ராமாபுரத்துச் சென்னிமலையின் மகள். அப்பாவுக்கு ராகிக்காடு. வீட்டிலும் ஊரிலும் தமிழ் பேசியே வளர்ந்ததால், மைசூருக்கு நர்சிங் படிக்க வந்தபோது அவளுடைய கன்னடத்தைக் கேட்டு நாங்கள் எல்லோரும் சிரிப்போம். ஆறு மாதம் கழித்து எங்கள் நோட்டை அவள் திருத்தினாள். பிடித்தால் உடும்புப் பிடி. டயர் ஃபாக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்த்த நஞ்சுண்டசாமியைக் கட்டிக்கொண்டு, ஜீவிதா என்று ஒரு பெண்ணையும் பெற்று, அந்தக் குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது ஓமான் அரசு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு எழுதிப் போட்டாள். வீடு கட்டுவதற்கு என்று எல்லோரிடமும் சொன்னாள். படித்த வேலையைப் படித்தபடி ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும் என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

குழந்தையை வளர்த்தது நஞ்சுண்டசாமியின் அக்கா. வடிவு வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவாள், போவாள். ஜீவிதாவுக்கு அவள் 'மஸ்கட்டம்மா'. ஜடை போட அத்தைதான் வேண்டும், சோறு ஊட்ட அத்தைதான் வேண்டும். ஒரேயடியாக வந்துவிட்டேன் என்று சொன்ன பிறகும், விருந்தாளியைக் கேட்பது மாதிரி தினமும் சாயங்காலம் அந்தக் குழந்தை கேட்கும்: "மஸ்கட்டம்மா, எப்ப ஊருக்குப் போறே?"

பெரிய டாக்டர் மூன்று மாதம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். சரிப்பட்டால் வேலை நிரந்தரம். மஸ்கட்டில் அவளுடைய இடத்தை டிசம்பர் வரை வைத்திருப்பதாகக் கடிதம் வந்திருந்தது. இங்கே சரிப்படாவிட்டால் வீட்டில் சும்மா உட்கார மாட்டேன், நர்ஸாக நடத்துகிற இடத்துக்குத் திரும்பப் போவேன் என்று அவள் தீர்மானமாக இருந்தாள். அவள் போனால் பிள்ளை மறுபடியும் தாயில்லாமல் வளரும். விஷயம் அவ்வளவுதான்.

வந்ததும் மஸ்கட் புராணத்தை ஆரம்பித்தாள். அங்கே நோயாளி ஒரு அட்டையோடு வந்தால் போதும், மருந்து, ஊசி, கையுறை, சாப்பாடு எல்லாம் அரசாங்கம் கொடுக்கும். உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, பெட் பான் வைப்பது எல்லாம் நர்ஸின் வேலை. சொந்தக்காரர்கள் பேரீச்சம்பழமும் காப்பியும் எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வருவார்கள், மணி அடித்தால் எழுந்து போய்விடுவார்கள். நான்தான் ஒருநாள் பொறுக்க முடியாமல் பாதி கன்னடத்தில் சொன்னேன், "சும்னே இரு வடிவு. இங்கே மணி அடிச்சா இன்னும் நாலு பேர் என்னவோ ஏதோன்னு உள்ளே ஓடி வருவாங்க" என்று. அவளும் சிரித்தாள்.

எங்கள் ஊர் வழக்கம் தெரிந்ததுதானே. டாக்டர் சீட்டு எழுதுவார், புருஷன்காரன் மெடிக்கல் ஸ்டோருக்கு ஓடுவான். மாமியாரோ தங்கையோ கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு துடைப்பது முதல் ஊட்டுவது வரை எல்லாம் பார்ப்பார்கள். நர்ஸ் ஊசி போடுவாள், திட்டுவாள். இதில் திட்டுகிற பாகத்தை நான் நன்றாகவே செய்து வந்தேன்.

வடிவு திட்டுவதை நிறுத்தினாள். எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள். மறுநாள் ஆபரேஷன் என்றால் கட்டிலில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டாள்: 'வாய்வழியாக எதுவும் கூடாது'. கன்னடத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் எதுவும் இருக்கக்கூடாது, இருந்தால் வாந்தி எடுத்து அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்பது நர்ஸுக்கு அரிச்சுவடி. மஸ்கட்டில் அந்த அட்டையைத் தொங்கவிட்டால் சாப்பாட்டுத் தட்டு அந்தக் கட்டிலுக்கு வராது, கதை முடிந்தது.

அக்டோபர் கடைசியில் குண்டலுபேட்டையிலிருந்து பூங்குழலி என்று ஒருத்தி வந்து சேர்ந்தாள். முப்பத்தெட்டு வயது, கர்ப்பப்பையில் கட்டி. புருஷன் அய்யாவு தக்காளி வியாபாரி, கேரளாவுக்கு லாரி ஏற்றுகிறவன். கூட இருந்தது மாமியார் தேவம்மா. மருமகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்ட மாமியார், அப்படியும் உண்டு. சிவப்பு அட்டையை வடிவு அவளுக்குப் படித்துக் காட்டி, சோறு தண்ணி எதுவும் தரக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னாள். மறுநாள் காலை ஏழரைக்கு, சாப்பிட ஏதாவது கொடுத்தீர்களா என்று அவளே கேட்டாள். இல்லை என்றாள் தேவம்மா. வடிவு எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மயக்க மருந்து ஏறிய கொஞ்ச நேரத்தில் பூங்குழலி வாந்தி எடுத்துவிட்டாள். மஞ்சளாக, வாழைப்பழமும் திராட்சையும். மயக்க மருந்து டாக்டர் சட்டென்று தலையைப் பக்கவாட்டில் திருப்பி, உறிஞ்சி எடுத்து, ஆபரேஷனை நிறுத்திவிட்டார். அப்படியும் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. அஞ்சு நாள் காய்ச்சலும் இருமலுமாக அந்தப் பெண் படாத பாடு பட்டாள்.

தேவம்மா பொய் சொல்லிவிட்டாள் என்று நாங்கள் எல்லோரும் பாய்ந்தோம். அவள் அழவில்லை. எங்களை ஒருமாதிரி பார்த்துவிட்டு வடிவிடம் சொன்னாள்:

"சோறு குடுக்கலீங்க, காப்பி குடுக்கலீங்க, பொட்டுத் தண்ணி குடுக்கலீங்க. நஞ்சன்கூட்டுப் பஞ்சாமிர்தம்தான் குடுத்தனுங்க. பிரசாதம் எப்படிங்க சாப்பாட்டுல சேரும்?"

முதல் பஸ்ஸில் வந்த அய்யாவு வழியில் நஞ்சன்கூட்டில் இறங்கி, வைத்தியனுக்கெல்லாம் வைத்தியன் என்று நாங்கள் கும்பிடுகிற நஞ்சுண்டேஸ்வரன் கோயிலிலிருந்து வாங்கி வந்தது. ஆபரேஷனுக்குப் போகிறவளுக்கு அதைக் கொடுக்காமல் இருந்தால்தான் தேவம்மா கணக்கில் பாவம்.

பெரிய டாக்டர் வடிவை அறைக்குள் கூப்பிட்டுக் கன்னடத்தில் வறுத்து எடுத்தார். மஸ்கட்டை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும், அட்டை தொங்கவிட்டால் இந்த ஊர் ஜனம் கேட்குமா, இனி ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலமே சொந்தக்காரர்களை வெளியே துரத்திக் கதவைச் சாத்து, நவம்பர் முடியட்டும், உன் விஷயத்தை அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த 'அப்புறம் பார்க்கலாம்' எதற்கு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வெளியே வந்தவளிடம், டாக்டர் சொல்வதுதான் சரி, துரத்து, இல்லையென்றால் பெட்டியைக் கட்டு என்றேன். கொஞ்சம் குரூரமாகவே சொன்னேன். அவள் முகம் சிவந்திருந்தது, ஆனால் குரல் இறங்கவில்லை.

"துரத்திட்டு? பெட் பான் யாரு வைப்பா, நீ வைப்பியா? சீட்டத் தூக்கிட்டு யாரு ஓடுவா? அங்க சோறு போடறது கவர்மெண்ட்டு. அதனால நிறுத்தறதும் கவர்மெண்ட்டு. இங்க போடறது குடும்பம். அப்ப நிறுத்தறதும் அவங்கதான் செய்யணும். பாதி ஆஸ்பத்திரி அவங்கதான் மகேசு. அவங்கள வெளிய தள்ளிப்போட்டு நான் எந்த ஆஸ்பத்திரிய நடத்தறது?"

அவள் சொன்னது சரிதான். அதற்காகவும் எனக்குக் கோபம் வந்தது.

அவள் அடுத்து செய்ததை எங்கள் நர்சிங் ஹோமில் யாரும் செய்ததில்லை. பெண்டாட்டியை வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்று நின்ற அய்யாவுவிடம் போய், தப்பு உங்கள் அம்மா மேல் இல்லை, நான் கேட்ட கேள்விதான் தப்பு என்று சொல்லிவிட்டாள். ஒரு நர்ஸ் நோயாளி வீட்டாரிடம் தப்பை ஒத்துக்கொள்வதா? அடிப்பாவி, உன் வாயாலேயே வேலைக்கு வேட்டு வைத்துக்கொள்கிறாயே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அய்யாவு கையிலிருந்த பையைக் கீழே வைத்தான். உடம்பு தேறட்டும், இங்கேயே செய்துகொள்கிறோம் என்றான்.

அதன் பிறகு தினமும் டூட்டி முடிந்ததும் தேவம்மாவோடு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஆபரேஷனுக்குப் போகிறவருக்கு உங்கள் பக்கம் என்னென்ன கொடுப்பீர்கள் என்று கேட்டுக்கேட்டு எழுதினாள். தீர்த்தம், துளசி, வாயில் போடுகிற விபூதி, மந்திரித்த எலுமிச்சம்பழச் சாறு, வெற்றிலை, பயம் தெளியக் கற்கண்டு. சாப்பாட்டில் சேராத சாப்பாடு பதினொன்று தேறியது. சாப்பிட்டீர்களா என்ற கேள்வியை அடித்துவிட்டு, இவை ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு போட்டாள். எதற்காகக் கூடாது என்பதைத் தேவம்மாவுக்குப் படம் போட்டுக் காட்டினாள். ஒரு குழாய் வயிற்றுக்கு, ஒரு குழாய் மூச்சுக்கு, மயக்கத்தில் இரண்டுக்கும் நடுவே காவல் இல்லை. பிரசாதமும் அதே குழாயில்தான் இறங்குகிறது என்று சொன்னபோது, அந்த அம்மாள் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

பூங்குழலிக்கு மறுபடி நாள் குறித்தது நவம்பர் இருபத்தெட்டு. மாதம் முடிய இரண்டு நாள். முந்தின சாயங்காலம் பெரிய டாக்டர் வந்து, கூட்டத்தை வெளியே அனுப்பவில்லையா என்று கேட்டார். ஒருத்தர் மட்டும் இருப்பார் என்றாள் வடிவு. யார் என்றார். தேவம்மாவைக் காட்டினாள். போனதடவை ஊட்டியவளையா என்று அவர் கேட்டதற்கு, ஆமாம் சார், அவங்களையேதான் என்றாள். பிறகு தேவம்மாவிடம் திரும்பி, "இந்த வாய்க்கு நீங்கதாங்க காவல், அம்மா. யாரு எதக் கொண்டாந்தாலும் சரி" என்றாள்.  ஜீவிதாவின் தலையெழுத்தையே கொண்டுபோய் அந்தக் கிழவி கையில் கொடுத்துவிட்டாளே!

காலை ஏழு மணிக்கு ரவுண்ட்ஸ். டாக்டர் கட்டிலருகே நிற்கும்போதே அய்யாவு வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தான். நெற்றி நிறைய விபூதி, கையில் வாழையிலைப் பொட்டலம். நேராக மனைவியிடம் போய், இது பஞ்சாமிர்தமில்லை, வெறும் கற்கண்டுதான், வாயைத் திற என்று நீட்டினான். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். வடிவு என் கையைப் பிடித்து நிறுத்தினாள். 

தேவம்மா மகன் கையைத் தட்டிவிட்டாள். பொட்டலத்தை வாங்கி, மருமகளின் இரண்டு கண்ணிலும் ஒற்றி, தன் முந்தானை நுனியில் வைத்து முடிந்தாள்.

"ஆத்தா, அது சாமி பிரசாதம்," என்றான் அய்யாவு.

"அவன் வைத்தியன்தானடா? பொறுத்துக்குவான். அவங்கிட்ட நான் சொல்லிக்கறேன், நீ தள்ளி நில்லு."

 டாக்டர் தேவம்மாவைப் பார்த்தார், வடிவைப் பார்த்தார், கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்கு நடந்தார். ஒன்றரை மணி நேரத்தில் கட்டியை எடுத்துப் பூங்குழலியை வெளியே கொண்டுவந்தார்கள்.

மூன்றாம் நாள் கஞ்சி குடிக்கலாம் என்று டாக்டர் சொன்னதும், தேவம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வடிவைத் தேடி வந்தாள். "இப்பக் குடுக்கலாமுங்களா?" என்றாள். வடிவு தலையாட்டினாள். அந்தக் கற்கண்டில் எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

வடிவின் பதினொன்றையும் எழுதி மற்ற வார்டுகளிலும் ஒட்டச் சொன்னார் டாக்டர். வேலை நிரந்தரம் என்பதை அதோடு சேர்த்து, வேறு என்னவோ பேசுவது மாதிரி சொல்லிவிட்டுப் போனார். மஸ்கட்டுக்கு வரவில்லை என்ற கடிதத்தை அவள் அன்றைக்கே எழுதினாள். பெட்டியைக் கட்டு என்று சொன்ன வாய்க்குத் தண்டனையாக நானே எடுத்துப் போய்த் தபாலில் போட்டுவிட்டு, அப்படியே அவளோடு அவள் வீட்டுக்கும் போனேன்.

ஜீவிதா வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல, "மஸ்கட்டம்மா, எப்ப ஊருக்குப் போறே?" என்றாள்.

வடிவு செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள், "காலையில டூட்டிக்குப் போறேன். சாயங்காலம் வந்துருவேன்."

"நாளன்னிக்கு?"

"நாளன்னிக்கும் அப்படித்தான். தினமும் அப்படித்தான்."

குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். உள்ளே ஓடிப்போய்ச் சீப்பையும் ரிப்பனையும் எடுத்து வந்து வடிவின் மடியில் போட்டுவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"அப்ப நீயே போடு."