பிலார் சொன்ன "சீ"

அந்த வீட்டில் எனக்கு முதலில் விளங்கிய சொல் பாண். ரொறன்ரோவில் வந்திறங்கிய இரண்டாம் நாள், ரெக்ஸ்டேலில் ஒரு ஸ்பானியக் குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரி பிலார் கோதுமை மாவில் சுட்ட நீளமான பாண் ஒன்றைக் கையால் பிய்த்து, என் பங்கைத் தட்டில் வைக்காமல் பக்கத்தில் மேசைத்துணியிலேயே வைத்தார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "பான்" என்றார். "பாண்" என்று நானும் சொன்னேன். அவர் கணவர் ஹூலியான் சூப்புக் கோப்பையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மேசையைத் தட்டி "மேசா" என்றார். நான் "மேசை" என்றேன். சுவரோடு நின்ற அலுமாரியைக் காட்டினார். காலில் கிடந்த சப்பாத்தைக் காட்டினார். எல்லாம் கிட்டத்தட்ட எங்கள் சொற்களாகவே வந்தன. போர்த்துக்கேயர் எங்கள் கரையில் விட்டுவிட்டுப் போன சொற்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பட்டியல் பாடமாக்கியிருந்தேன். ஸ்பானியம் அந்த மொழிக்குச் சகோதரி முறை. பரீட்சை முடிந்த பிறகு அந்தப் பட்டியல் எனக்கு ஒருநாளும் உதவியதில்லை. அன்றைக்கு உதவியது.

நான் சாவகச்சேரியிலிருந்து மருந்தக வேலை படிக்க வந்தவள். அம்மாவின் தம்பி, என் மாமா, அஜக்ஸில் இருக்கிறார். தாய்மாமன் கனடாவில் இருக்கும்போது பிள்ளை எங்கே தங்குவாள் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அது கேட்க வேண்டிய கேள்வியே அல்ல. ஆனால் மாமாவின் வீட்டில் அவருடைய இரண்டு மகன்களும் மூத்த மருமகளும் இருந்தார்கள். என் கல்லூரி நகரத்தின் மறுகோடியில். ரெயினும் இரண்டு பஸ்ஸுமாகப் போக இரண்டரை மணித்தியாலம், வர இரண்டரை மணித்தியாலம். மாமா போனில் நெடுநேரம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு குடும்பத்தோடு தங்குவது பிள்ளையின் படிப்புக்கு நல்லது என்றார். அம்மா "சரி" என்றாள். அந்தச் "சரி"யில் என்ன இருந்தது என்று மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிலாரும் ஹூலியானும் ஸ்பெயினின் லியோன் பக்கத்துச் சிற்றூர்க்காரர்கள். நாற்பது வருடங்களுக்கு முன் வந்தவர்கள். ஹூலியான் தரைக்கு மாபிள் பதிக்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். பிலாருக்குக் கடைக்குத் தேவையான அளவு மட்டும் வரும். மிச்சத்தை முகத்தாலும் கையாலும் சொல்வார். பிள்ளைகள் இல்லாத வீடு. எங்கள் வீட்டு வளவில் பலா காய்க்கும் பிலாமரம் ஒன்று நின்றதால் அவர் பெயர் எனக்கு உடனே மனதில் நின்றது.

சிக்கல் "சீ"யில் வந்தது. ஸ்பானியத்தில் "சீ" என்றால் ஓம், அதாவது ஆமாம். இதை அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே ஹூலியான் சொல்லித்தந்தார். மூளைக்கு விளங்கியது, உடம்புக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மா கோழியைக் குசினியிலிருந்து கலைப்பது "சீ" என்றுதான். கை கழுவாமல் சோற்றுப் பானையைத் திறந்தாலும் அதே சொல். பிலாரிடம் உடுப்புத் தோய்க்கும் மெசினைப் பாவிக்கலாமா என்று சைகையால் கேட்டேன். "சீ, சீ" என்றார், சிரித்துக்கொண்டுதான். என் கை தானாகப் பின்னால் போனது. தலைக்கு எண்ணெய் வைக்கலாமா, ஜன்னலைத் திறக்கலாமா, இன்னும் ஒரு கரண்டி எடுக்கலாமா, எதற்கும் அதே பதில். இரண்டு கிழமையாக அந்த வீட்டில் ஒவ்வொரு அனுமதியும் எனக்கு ஓர் ஏச்சாகவே வந்து விழுந்தது.

மூன்றாவது வாரத்து வெள்ளிக்கிழமை காலை அம்மா வீடியோவில் வந்தாள். நான் குசினியில் நின்றேன். பிலார் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவை ஒருக்கால் காட்டு என்றாள் அம்மா. போனைத் திருப்பினேன். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "என்ரை பிள்ளை வடிவாச் சாப்பிடுறாளோ எண்டு கேள்" என்றாள். ஆங்கிலத்தில் கேட்டேன். பிலார் வெங்காயக் காரத்தில் முகத்தைச் சுளித்து, கண்ணை இறுக்கி, கையில் கத்தியோடு அம்மாவைப் பார்த்து "சீ, சீ, சீ" என்றார். அந்த நேரம் பார்த்து ஊரில் கரண்ட் போனது. படம் அப்படியே உறைந்து, அழிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நானும் ஓடினேன்.

மத்தியானம் வகுப்பு முடிந்து போனைப் பார்த்தால் மாமாவின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. நான் எடுத்ததும், நாளைக்கு வருவதாகவும் சாமான்களை அடுக்கி வைக்கும்படியும் சொன்னார். அம்மா அவரிடம் அழுதிருக்கிறாள். கத்தியோடு நின்றாளாம், முகத்துக்கு நேரே சீ என்றாளாம். அது ஓம் என்ற அர்த்தம் மாமா, என்று நான் விளக்கினேன். சரி, நாளைக்குக் கதைப்போம் என்று வைத்துவிட்டார்.

அன்று பின்னேரம் சூட்கேஸை இழுத்துப் படியடியில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இப்போது யோசித்தால், பெரியவர்கள் அடுக்கு என்றால் அடுக்கிப் பழகியதுதான் காரணம். பிலாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் பாசை இல்லை.

சனிக்கிழமை பத்து மணிபோல மாமா வந்தார். மாமி காரிலேயே இருந்துகொண்டார். கதவைத் திறந்த பிலாருக்கு மாமா தலையைக் குனிந்து ஸ்பானியத்தில் "புவெனோஸ் தியாஸ்" என்று காலை வணக்கம் சொன்னார். நான் திகைத்துப் போனேன். பத்து வருடம் கதிரை மேசை செய்யும் தளபாடத் தொழிற்சாலையில் ஸ்பானியம் பேசும் சல்வடோர்காரர்களோடு நின்றவர் என்பதை மறந்துவிட்டேன். அப்படியென்றால் சீ என்றால் என்னவென்று அவருக்கு முன்பே தெரியும்.

"தெரிஞ்சுதானே வந்தனீங்கள்?" என்று தமிழில் கேட்டேன்.

"உவ சொன்னது ஓம் எண்டு நான் அக்காவுக்குச் சொன்னனான். அக்கா கேக்கேல்லை." அவர் கதிரையின் நுனியில் இருந்தார். "அதுக்காக மட்டும் நான் வரேல்லை, பிள்ளை. தாய்மாமன் இருக்க நீ ஆரோ வீட்டிலை இருக்கிறாய். அக்கா அழேக்கை எனக்குச் சொல்ல ஒரு சொல்லும் வரேல்லை. சின்னவன் தன்ரை அறையை விட்டிட்டு பேஸ்மென்டுக்குப் போட்டான். அறையைத் துடைச்சு வைச்சிருக்கிறன்."

ஏர்போட்டிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்து இங்கே இறக்கிவிட்ட அன்று, மாமா காரை விட்டு இறங்கவே இல்லை. அவசர வேலை என்றார். அது அவசரமல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிலார் சூட்கேஸைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், குசினிக்குள் போனார். கடதாசி சரசரக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒரு முழுப் பாணையும், முட்டையும் உருளைக்கிழங்கும் போட்டுப் பொரித்த அடையையும் பொதி கட்டிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது, அன்றைக்கு வெங்காயம் எதுவும் வெட்டவில்லை. ஹூலியான் என் பக்கத்தில் வந்து மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்: போன வருடம் இருந்த மாணவியும் ஒரு மாதத்தில் இப்படித்தான் போனாள், காரணம் சொல்லவில்லை, தன் சமையல்தான் காரணம் என்று பிலார் நினைக்கிறாள்.

நான் முன்னறைக்கு வந்து மாமாவின் முன்னால் நின்றேன்.

"மாமா, நான் இஞ்சையே இருக்கிறன். ஒண்டுவிட்ட ஒரு கிழமை சனி ஞாயிறிலை அஜக்ஸுக்கு வாறன். அம்மாவோட நான் கதைக்கிறன்."

அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே காரைப் பார்த்தார். கோபமா, ஆறுதலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கலாம். "உன்ரை விருப்பம்" என்றார். பிறகு எழும்பிப்போய் மாமியைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். பாதியில் அது கனத்தபோது கீழிருந்து ஒரு கை தாங்கியது. பிலார்.

கட்டிய பொதியை அவிழ்த்து எல்லோருமாகச் சாப்பிட்டோம். மாமி தன் பங்கைக் கடித்துப் பார்த்துவிட்டு, மிளகாய்த்தூள் கொஞ்சம் போட்டால் நன்றாயிருக்கும் என்றார். அம்மாவைச் சமாதானப்படுத்த ஒரு மாதம் எடுத்தது. இப்போதும் "கத்திக்காரி சுகமா" என்றுதான் பிலாரைக் கேட்பாள்.

இங்கே புதிதாக வந்திறங்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு, சொந்தக்காரர் வீடா, வேற்றாள் வீடா, எது நல்லது என்று. எனக்குப் பதில் தெரியாது. சொந்தக்காரர் வீட்டில் நாங்கள் கேட்காமலே எல்லாம் விளங்கிவிடும். அதுவே சில நேரம் பாரம். பிலார் வீட்டில் ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் விளங்க வேண்டும். கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வந்தது.

காலையில் பிலார் முதலில் கேட்பது அவருடைய ஊரில் மழையா என்றுதான். அங்கே அவர் தம்பி இன்னும் அவரைக்காய் பயிரிடுகிறாராம். நாற்பது வருடமாகியும் அந்தத் தோட்டத்தின் மழை இவருக்குத் தெரியவேண்டும். அதற்காக அந்த ஊரையும் என் போனின் வானிலைப் பக்கத்தில் சேர்த்தேன். இப்போது அதில் நான்கு ஊர்கள்: சாவகச்சேரி, பிலாரின் ஊர், அஜக்ஸ், ரெக்ஸ்டேல். நேற்றுக் காலை அவருக்கு அங்கே மூடுபனி மட்டும்தான் என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கி, போனில் கண்ட மழைக்குக் குடையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தெரு முழுக்க நல்ல வெயில். பஸ் தரிப்பிடத்தில் நின்றவர்கள் என் குடையைப் பார்த்தார்கள். போனை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மழை பெய்துகொண்டிருந்தது சாவகச்சேரியில்.