தண்ணீர் பொம்மைகளின் பெரட்டு

பண்டாரவளைக்கு மேலே, தேயிலைச் செடிகளைப் பிடுங்கி எடுத்த சரிவொன்றில், உல்லாசப் பயணிகளுக்காக ஒரு ரோலர் கோஸ்டர் பூட்டிக்கொண்டிருந்தோம். வெளிநாட்டில் தொழில் பழகி வந்த சூப்பர்வைசர் நான். ஊர் கேட்டவர்களிடமெல்லாம் பதுளை டவுன் என்றுதான் சொல்லிவைத்திருந்தேன்.

ஆட்களை ஏற்றுமுன், மனித எடைக்குத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மைகளை உட்காரவைத்து ஓட்டிப் பார்ப்போம். நிரப்புவது செல்வி அக்காவின் வேலை. முன்பு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். பிரேக்கில் இருப்பது காந்தம், வண்டியைத் தொடாமலே வேகத்தைப் பிடித்துவிடும் என்று நான் விளக்கியபோது, "தொடாமலேயா?" என்று வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

ஒரு காலை, பனிமூட்டத்தில் பொம்மைகள் வரிசையாக நின்றன. "அக்கா, பெரட்டு எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவதைத் தோட்டத்தில்தான் அப்படிச் சொல்வோம். டவுன்காரன் வாயில் அந்தச் சொல் வராது. தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்து கூடையோடு அம்மா ஓடிய பெரட்டுக்களம் கண்முன் வந்தது.

செல்வி அக்கா மெதுவாகக் கேட்டார். "சார் எந்தத் தோட்டம்?"

சுற்றிலும் ஆட்கள். "பதுளை டவுன்தான்" என்றேன்.

அவர் பொம்மைகளைக் காட்டி, "எல்லாரும் வந்தாச்சு சார். ஒருத்தரும் லேட் இல்ல" என்றார்.

வண்டி பாய்ந்து இறங்கி, எதிலும் உரசாமல் வேகம் அடங்கி வந்தது. நான் அவர் பக்கத்தில் போனேன்.

"நமுனுகுல பக்கம் அக்கா. லயத்துலதான் பொறந்தேன்."

"தெரியும் தம்பி" என்றார்.

இப்போது யார் ஊர் கேட்டாலும் லயத்து நம்பரையும் சேர்த்தே சொல்கிறேன். செல்வி அக்கா அதன்பிறகு என்னை ஒருநாளும் சார் என்று கூப்பிடவில்லை.