பூனை மேல் போட்ட பழி

என் கணவருக்குக் கொஞ்ச நாளாகவே அடுக்குத் தும்மல். மூக்கு அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் குழாய் மாதிரி ஒழுகும். எங்கள் பூனையின் ரோமம்தான் காரணம் என்று நானே முடிவுகட்டி, அதைச் செங்கல் என்ற ஊரில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். வீடு வெறிச்சென்று ஆனது, தும்மல் நிற்கவில்லை.

ஒரு நாள் பாறசாலை பக்கம் பைக் ஓட்டும்போது தொடர்ந்து தும்மி, லாரியில் உரசப் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு உயிரே போய்வந்தது. அப்படியே நெய்யாற்றின்கரைக்குப் போய் மூக்கு டாக்டரைப் பார்த்தோம்.

தோலில் குத்திச் சோதித்ததில் பூனை ஒவ்வாமை இல்லை. டாக்டர், "இது என்ன செண்டு?" என்று கேட்டார். கணவரின் தம்பி கல்ஃபிலிருந்து கொண்டுவந்தது. இவர் தினமும் அதைச் சட்டை முழுக்க அடித்துக்கொள்வார்.

"கடுமையான வாசனை பட்டா மூக்குல உள்ள நரம்பு முனை சில வேதிப்பொருள விடும். அத வாங்கிக்க உள்சவ்வுல ஏற்பிகள் உண்டு. ரெண்டும் சேர்ந்தா சவ்வு வீங்கும், தண்ணியா கொட்டும். பூச்சை பாவமாக்கும்!" என்று பூனைக்குப் பரிந்து பேசிச் சிரித்தார் டாக்டர்.

நேரே செங்கலுக்கு ஓடினோம். அக்கா பூனையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

"எலே, இது வந்த பெறவு வீட்டுல ஒரு எலி இல்ல. நான் தரமாட்டேன்."

கணவர் விஷயத்தைச் சொன்னார். அக்கா யோசித்தார்.

"அப்ப அந்த செண்டுக் குப்பிய எனக்குத் தா. பூச்சையக் கொண்டு போ."

"இப்பவே எடுத்திட்டு வாறேன்க்கா!"

செண்டை விட்டபின் தும்மல் வெகுவாகக் குறைந்துவிட்டது. இப்போதெல்லாம் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் டாக்டரிடம் போகிறேன். நானே தீர்ப்புச் சொல்லி யாரையும் நாடு கடத்துவதில்லை.

- ஆரியங்கோட்டிலிருந்து ஒரு வாசகி