கிரேஸ் அக்கா கேட்ட முதல் கேள்வி

கிரேஸ் அக்கா இறந்த செய்தி எனக்கு டொராண்டோவிலிருந்து வந்தது. பாளையங்கோட்டையில் என் இன்டர்நெட் கடைக்கும் அவர் வீட்டுக்கும் நடந்தால் ஏழு நிமிடம். சென்ற மாதம் ஒரு காலையில் கடையைத் திறந்து, மோடம் கத்தி ஓயும்வரை காத்திருந்து, அஞ்சல்களை இறக்கினேன். முதலில் வந்தது அவருடைய மகன் நம் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதியிருந்த இரண்டு வரிகள். அம்மா விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்கள், அப்பா இப்போதுதான் போனில் சொன்னார் என்று இருந்தது. கடையைப் பூட்டக்கூடத் தோன்றாமல் ஓடினேன். அவர் கணவர் சாமுவேல் சார் வாசலில் நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "ஒனக்கு ஆள் அனுப்பணும்னு இப்பதான் நெனச்சேன். அதுக்குள்ள யாருப்பா சொன்னா?" என்றார். "டொராண்டோவிலேர்ந்து தம்பி எழுதியிருந்தான் சார்" என்றேன். அந்தத் துக்கத்திலும் அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. "அவ இருந்து கேட்டிருந்தா ரொம்பப் பெருமைப்பட்டிருப்பா" என்றார்.

ஆத்தோரம் மடற்குழுவில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். ஆனால் நேரில் பார்த்தவர்கள் பத்துப் பேர்கூட இருக்கமாட்டீர்கள். குள்ளமான உருவம், கனமான கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு மஞ்சள் பை. தொலைபேசி நிலையத்தில், வெளியூர்ப் பேச்சுகளை இணைத்துக் கொடுக்கும் ட்ரங்க் கால் ஆபரேட்டர். தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் வந்த பிறகு அங்கே அவருக்கு வேலை குறைந்துபோனது. காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு என் கடைக்கு வருவார், மகனுக்கு மின்னஞ்சல் அனுப்ப. இரண்டே விரலால்தான் தட்டுவார். நீளமாக எது எழுதியிருந்தாலும் படிக்கமாட்டார். "நாலு வரி வாசிச்சேன், போதும்" என்பார். நான் எழுதியதற்கும் அதே கதிதான்.

ஊரை விட்டு வெளியே போன தாமிரபரணிக் கரைக்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளட்டும் என்று, இந்தப் பக்கம் இன்டர்நெட் வந்த புதிதில் நான் தொடங்கியது இந்தக் குழு. ஒரு முகவரிக்கு எழுதினால் என் கடைக் கம்ப்யூட்டர் வழியாக எல்லோருக்கும் போகும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவோம். சேர்ந்தவர்கள் அறுபது பேர், எழுதியவர்கள் ஆறு பேர். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தானாகவே போய்ச் சேரும்படி ஒரு வரவேற்புக் கடிதம் தயாரித்து வைத்திருந்தேன். அதில் பதினான்கு விதிகள். அரசியல் பேசக்கூடாது, படம் அனுப்பக்கூடாது, தலைப்பு இல்லாமல் எழுதக்கூடாது, இப்படி. அக்கா சேர்ந்த அன்று அவருக்கும் அது போனது. மறுநாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏலே முருகேசா, இது வரவேற்பாலே, இல்ல எஃப்.ஐ.ஆரா? வீட்டுக்கு வந்தவன்கிட்ட செருப்ப எங்கன கழத்தணும்னுதான் சொல்லியிருக்க. உக்காருன்னு ஒரு வார்த்த இல்லியே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அப்ப நீங்களே எழுதுங்க" என்றேன். வேறு யாராக இருந்தாலும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அப்போதே எழுத ஆரம்பித்தார். அன்றிலிருந்து இறப்பதற்கு முந்தின நாள்வரை, நம் குழுவில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் முதல் கடிதம் அவர் எழுதியதுதான்.

அதில் ஒரு கேள்வி இருக்கும், ஒரே ஒரு கேள்வி. நாங்குநேரிக்காரர் ஒருவர் இங்கிலாந்தில் டாக்டராக இருக்கிறார், உங்களுக்குத் தெரியும். அவர் சேர்ந்தபோது தன் பட்டங்களையெல்லாம் வரிசையாகப் போட்டு, விறைப்பான ஆங்கிலத்தில் நான்கு வரி அறிமுகம் எழுதினார். நான் பயபக்தியோடு பதில் எழுதத் தயாரானேன். அக்கா என்னை முந்திக்கொண்டு அவரிடம் கேட்டது இதுதான்: "ஒங்க காலத்துல பஸ் ஊருக்குள்ள வந்துச்சா, இல்ல அப்பவும் பைபாஸ்லயே எறக்கி விட்டுட்டுப் போயிட்டானா?"

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். இரண்டு நாளில் டாக்டரிடமிருந்து நான்கு பக்கம் வந்தது, முழுக்கத் தமிழில். விடுதியிலிருந்து லீவுக்கு வந்தவரைக் கண்டக்டர் பைபாஸில் தள்ளிவிட்டதும், மழையில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்ததும், அந்தக் கண்டக்டர் மேல் இன்னும் தீராத ஆத்திரமும். அதற்குப் பதில் எழுதியவர்கள் எட்டுப் பேர். அதில் ஐந்து பேர் அதுவரை வாயே திறக்காதவர்கள். மூன்று வாரம் நம் குழுவில் பஸ்தான் ஓடியது. "கேக்குற கேள்விக்கு யோசிக்காமப் பதில் சொல்லணும். ஆனா அவனால மட்டுந்தான் சொல்ல முடியணும். அப்படிக் கேட்டா எவனும் வாயத் தொறப்பான்" என்பது அக்காவின் கணக்கு.

புதியவரை எல்லோர் முன்னாலும் நிறுத்தி அறிமுகம் செய்வதும் அவருக்குப் பிடிக்காது. சேர்ந்தவருக்கு ஏற்றாற்போல் பழைய ஆள் ஒருவரைத் தேடிப்பிடித்து, இவருக்கு நீங்கள் எழுதுங்கள் என்று தனியாகச் சொல்லிவைப்பார். "கல்யாண வீட்டுக்குப் புதுசா வந்தவன மேடையில ஏத்தினா அவன் என்னத்தப் பேசுவான்? பந்தியில தெரிஞ்ச ஆளுக்குப் பக்கத்துல உக்கார வச்சா, மோர் வர்றதுக்குள்ள பழகிருவான்" என்றார் ஒருமுறை. உங்களில் பலருக்கு இன்று நெருங்கிய நண்பராக இருப்பவர், அக்கா பார்த்துப் பக்கத்தில் உட்கார வைத்தவர்தான். அது உங்களுக்கே தெரிந்திருக்காது.

இனி நான் சொல்லப்போவதும் உங்களுக்குத் தெரியாது.

சென்ற வருடம் குழு பெருகி நூற்றைம்பது பேரைத் தொட்டது. அஞ்சல் அனுப்பும்போது பாதியில் லைன் அறுந்து, மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டியிருந்தது. மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுதாதவர்களை நீக்கிவிடலாம் என்றேன். சும்மா வேடிக்கை பார்ப்பவர்களுக்காக நான் ஏன் மோடத்தோடு மல்லுக்கட்ட வேண்டும் என்ற வீம்பும் இருந்தது.

"பேசாம இருக்கவன் கேக்காம இருக்கான்னு ஒனக்கு யாருலே சொன்னா?" என்றார் அக்கா. பிறகு பைய உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். "ஒரு ஊருல மொத்தத்துக்கும் ஒரே போன். பம்பாயிலேர்ந்து கால் வரும், நாந்தான் போட்டுக் குடுப்பேன். இந்தப் பக்கம் பேசுறவ ஒருத்திதான். ஆனா லைன்ல பத்துப் பேரு மூச்சுச் சத்தம் கேக்கும். ரிசீவரச் சுத்தித் தெருவே நிக்கும்லே."

"இது ட்ரங்க் கால் இல்ல அக்கா" என்றேன்.

சர்ச்சில் ஊரே சேர்ந்து சாப்பிடும் அசன விழாவுக்கு அவர் சொந்த ஊருக்குப் போன வாரத்தில், நாற்பத்து மூன்று பெயர்களை ஒரே மூச்சில் நீக்கினேன். ஒருவருக்கும் காரணம் எழுதவில்லை. திரும்பி வந்தவர் சத்தம் போடவில்லை. "பேர எல்லாம் ஒரு தாள்ல எடுத்துக் குடு" என்று மட்டும் கேட்டார். பத்து நாள் மத்தியானம், இரண்டு விரலால், நாற்பத்து மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுதினார். எங்கள் தவறால் உங்கள் பெயர் விட்டுப்போனது, திரும்பி வாருங்கள் என்று எழுதி, ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி. கீழே அவர் பெயரோடு, என்னைக் கேட்காமலே என் பெயரையும் போட்டிருந்தார். இருபது பேர் திரும்பினார்கள். ஒரு மாதம் கழித்து சவுதியில் தம்மாமிலிருந்து இசக்கிமுத்துவின் பதில் வந்தது. சேரன்மகாதேவிக்காரர். அதுவரை ஒரு எழுத்து எழுதாதவர்.

"அம்மா, எங்க ரூம்ல பதினோரு பேர் இருக்கோம். எனக்கு மட்டுந்தான் கம்ப்யூட்டர் உள்ள ஆபீசுல வேல. வாரம் முழுக்க வர்றத பிரிண்ட் எடுத்து வச்சி, வெள்ளிக்கிழம ரூம்ல வாசிப்பேன். எங்கள்ல பத்தமடைக்காரர் ஒருத்தர், வயல் பத்தி வந்தத மட்டும் ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லுவாரு. திடீர்னு நின்னு போச்சி. பெரிய படிப்புப் படிச்சவங்க எழுதுற எடம், நாம எழுதத் தெரியாதவங்க, அதான் வெளிய போகச் சொல்லிட்டாங்கன்னு பேசிக்கிட்டோம். ஒங்க தவறுன்னு நீங்க மரியாதைக்கு எழுதியிருக்கீங்க. யாரையும் கொற சொல்லல. என்ன தப்பு பண்ணுனோம்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

அக்கா அதைப் பிரிண்ட் எடுத்து என் மேசைமேல் வைத்தார். "இதுக்கு நீ எழுது" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எழுதினேன். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, சர்வர் கோளாறு, சரிசெய்துவிட்டோம் என்று எழுதினேன். அதையே குழுவுக்கும் அறிவித்தேன். நீங்கள் எல்லோரும் நம்பினீர்கள். அக்கா திரையில் அதைப் படித்தார். முழுக்கப் படித்தார். "சரி. இன்னைக்கு முடியலன்னா இன்னொரு நாள் எழுதுவ" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்கு எழுதப் போய்விட்டார். அதன்பிறகு அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

இப்போது புதியவர்களுக்கு முதல் கடிதத்தை நான் எழுதுகிறேன். அவருக்கு வந்த அளவு கேள்வி எனக்கு வருவதில்லை, ஆனாலும் பதில் வருகிறது. பதினான்கு விதிகளைத் தூக்கிவிட்டேன். எத்தனை பேர் எழுதினார்கள் என்று எண்ணுவதையும் விட்டுவிட்டேன். எழுதாதவரும் இருக்கிறார், அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் இருக்கலாம் என்ற எண்ணம்தான் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது. அவருக்கு நான் செய்யவேண்டியது இன்னொன்று பாக்கி இருக்கிறது.

இசக்கிமுத்து, இதை வெள்ளிக்கிழமை ரூமில் வாசியுங்கள். பத்தமடைக்காரர் கேட்டால் இரண்டு தடவை வாசியுங்கள். சர்வரில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை. உங்கள் பதினோரு பேரையும் வெளியே தள்ளியவன் நான்தான்.